வானொலிப் பக்கம்: மலையடிவாரத்துச் சிறு நிலையம்

சென்ற திங்கள் இப்பக்கத்தில், ஐம்பதினாயிரம் வாட் ஆற்றலுடன் இரவு நேரத்தில் பல மாநிலங்களை எட்டிய அமெரிக்கப் பெரு நிலையங்களைப் பற்றிச் சில செய்திகள் சொன்னோம். அதனைப் படித்த அன்பர் சிலர், "பெரியவற்றின் பெருமை இருக்கட்டும், பத்தாயிரம் பேர் வாழும் சிற்றூரில் ஒரு வானொலி நிலையம் எவ்வாறு பிழைக்கிறது? அதற்குக் காசு தருவோர் யார்? அங்கே பாடுவோர் யார்?" எனக் கேட்டுள்ளனர். நல்ல கேள்வி. இதற்குப் பொதுவாக விடை கூறுவதைவிட, ஒரே ஒரு நிலையத்தின் வரலாற்றைச் சொல்லிவிடுவது மேல் என்று கருதுகிறோம்.

அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்தில், வர்ஜீனியா எல்லையை ஒட்டி, புளூ ரிட்ஜ் என்னும் மலைத்தொடரின் அடிவாரத்தில் மவுண்ட் ஏரி என்றோர் ஊர் உண்டு. வெண்ணிறக் கருங்கல் வெட்டும் பெரிய சுரங்கம் ஒன்று அவ்வூரின் அடையாளம். புகையிலை, காலுறை நெய்யும் ஆலைகள் ஆகியவையே நெடுங்காலம் அப்பகுதி மக்களின் பிழைப்பு. சயாம் நாட்டில் ஒட்டிப் பிறந்து உலகப் புகழ் பெற்ற இரட்டையரான சாங், எங் என்போர் தம் பிற்காலத்தை அவ்வூர்ப்புறத்தில் குடியானவர்களாகவே கழித்து, 1874-இல் மறைந்தனர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. நடிகர் ஆண்டி கிரிஃபித் பிறந்ததும் அங்கேதான். இவ்வளவே அவ்வூரின் கீர்த்தி. வேறு பெருமை பேச இடமில்லை.

ஆனால் இசை உண்டு. அம்மலைகளில் குடியேறிய ஸ்காத்லாந்து, அயர்லாந்து, ஆங்கில நாட்டு மக்கள் தம்முடன் பிடிலைக் கொண்டுவந்தனர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துவரப்பட்டோரின் கைவழியாகப் பாஞ்சோ என்னும் வாத்தியம் வந்தது. இவ்விரண்டும் கூடிய கூட்டில் பிறந்ததே பின்னாளில் 'கண்ட்ரி' இசை என உலகம் அழைக்கும் இசையின் தாய்வழி. மவுண்ட் ஏரிக்கு அருகே ரவுண்ட் பீக் என்றொரு குன்று உண்டு. அச்சுற்றுவட்டாரத்தார் பிடிலையும் பாஞ்சோவையும் ஒரே மெட்டில் இணைத்து, ஒன்றை ஒன்று துரத்துவது போல் விரைவாக வாசிக்கும் முறைக்கு அக்குன்றின் பெயரே நிலைத்துவிட்டது. நமது இசையில் ஒரு பாணிக்கு ஊர்ப்பெயர் வழங்குவது போன்றதே இதுவும்.

இந்த இசை வானொலியில் ஏறிய கதை விரைவாகச் சொல்லத்தக்கது. 1922-இல் அட்லாண்டா நகரத்து நிலையத்தில் ஃபிடிலின் ஜான் கார்சன் என்னும் முதியவர் வாசித்தார். 1924-இல் சிக்காகோ நிலையம் வாரந்தோறும் 'களஞ்சிய நடனம்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. 1925-இல் நாஷ்வில் நகரத்தில் டபிள்யூ.எஸ்.எம். நிலையம் தொடங்கிய சனிக்கிழமை இரவு நிகழ்ச்சியே இரண்டாண்டுகளுக்குப் பின் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' எனப் பெயர் பெற்று இன்றளவும் நடந்துவருகிறது. இசைத்தட்டுக் கம்பெனிகளும் அதே காலத்தில் மலைநாட்டைத் தேடி வந்தன. அவை செய்த ஒரு தீங்கையும் சொல்லாமல் விடலாகாது. விற்பனை வசதிக்காகக் கருப்பர் இசைக்கு ஒரு பட்டியல், வெள்ளையர் இசைக்கு ஒரு பட்டியல் எனப் பிரித்தனர். பாஞ்சோவைத் தந்தவர்களே பாஞ்சோ இசையின் படத்திலிருந்து மறைந்தனர். ஆப்ரியின் தொடக்க காலத்தில் மிகுந்த புகழுடன் மவுத் ஆர்கன் வாசித்த டிஃபோர்ட் பெய்லி என்னும் கருப்பினக் கலைஞர் 1941-இல் அங்கிருந்து நீக்கப்பட்டார். கண்ட்ரி வானொலியின் வரலாற்றை எழுதுவோர் இதைக் கடந்து போதல் முறையன்று.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்காவில் ஒரு மாறுதல் நிகழ்ந்தது. போர்க்காலத்தில் புதிய நிலையங்களுக்கு அனுமதி ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. 1945-க்குப் பின் அக்கதவு திறந்தது. அவ்வாண்டில் ஆயிரத்துக்கும் குறைவாக இருந்த மத்திய அலை நிலையங்கள் 1950-க்குள் இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டன. இவற்றுள் மிகப் பல, அதுவரை தமக்கென ஒரு குரல் இல்லாதிருந்த சிற்றூர்களில் எழுந்தவை. அந்த அலையில் எழுந்ததே நம் கதைக்குரிய டபிள்யூ.பி.ஏ.கியூ. என்னும் நிலையம்.

அதனை நிறுவியவர் ரால்ஃப் எப்பர்சன். எல்லைக்கு அப்பால் வர்ஜீனியாவின் அராரட் என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர். அப்போது முப்பது வயதை எட்டாத இளைஞர். 1948 பிப்ரவரி 2-ஆம் நாள் நிலையம் ஒலிக்கத் தொடங்கியது. நம் நாடு காந்தியடிகளை இழந்து மூன்றே நாள் ஆகியிருந்த வேளை அது. நம் வானொலிகளில் துயரமன்றி வேறொன்றும் ஒலிக்கவில்லை. உலகின் மறுகோடியிலோ, ஒரு மலையடிவாரத்தில், அயலூர்க் குடியானவர்கள் பிடிலும் பாஞ்சோவுமாக ஒலிவாங்கியின் முன் வந்து நின்றனர்.

எப்பர்சன் செய்த ஏற்பாடு எளியது. சனிக்கிழமைதோறும் 'மெர்ரி-கோ-ரவுண்ட்', அதாவது குடை ராட்டினம், என்னும் நிகழ்ச்சி. வட்டாரத்து இசைக்குழுவினர் நேரில் வந்து வாசிப்பர். அது அப்போதைக்கப்போதே ஒலிபரப்பாகும். வருவோர் தொழில்முறைக் கலைஞர் அல்லர். வாரத்தில் ஐந்து நாள் ஆலையிலும் வயலிலும் உழைப்போர். 1948-இல் தொடங்கிய அந்நிகழ்ச்சி இன்றும் நின்றபாடில்லை. நேரடி இசை நிகழ்ச்சிகளுள் அமெரிக்காவில் மிக நெடுங்காலமாக நடப்பவற்றுள் ஒன்றாக அதனைக் கூறுவர்.

அன்பர்கள் கேட்ட காசு விஷயத்துக்கு வருவோம். இத்தகைய சிற்றூர் நிலையங்களின் வருவாய், ஊர்க் கடைகளின் விளம்பரமே. விதைக் கடை, மளிகைக் கடை, தட்டுமுட்டுச் சாமான் கடை, பழைய மோட்டார் வண்டி விற்போர், சவ அடக்கம் செய்து தரும் நிறுவனத்தார் ஆகியோரே அதன் புரவலர். ஞாயிற்றுக்கிழமைகளில் திருச்சபைகள் பிரசங்கத்துக்கென நேரத்தை விலைக்கு வாங்கும். வாசிப்போருக்குப் பெரும்பாலும் ஊதியம் கிடையாது. அதில் அவர்களுக்கு என்ன லாபம் எனலாம். "வரும் வெள்ளிக்கிழமை இன்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எங்கள் கச்சேரி" என்று அறிவித்துக்கொள்ளும் உரிமையே அவர்களுக்கான சம்பாவனை. முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் மலைநாட்டுக் கலைஞர் பலர் பிழைத்தது அப்படித்தான்: வானொலியில் இலவசமாக வாசிப்பர், பள்ளிக்கூடத்து வாயிலில் டிக்கெட் விற்பர். கடையும் நிலையமும் கலைஞரும் ஒருவரையொருவர் முதுகில் சுமந்த ஏற்பாடு அது.

இனி, அதன் எல்லை. டபிள்யூ.பி.ஏ.கியூ. 740 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குவது. அதே அலைவரிசையை நாடுகளிடை ஒப்பந்தப்படி கனடாவின் டொராண்டோ நகரத்து நிலையத்துக்கு முதலுரிமையாக ஒதுக்கியிருந்தனர். மத்திய அலையின் இயல்பு ஒன்று உண்டு. பகலில் அது நிலத்தை ஒட்டிச் சென்று சில நூறு கல்லுக்குள் தேய்ந்துவிடும். இரவில், மேல் வானில் அதனை விழுங்கும் அடுக்கு மறைந்துவிட, இன்னும் உயரத்திலுள்ள அடுக்கில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான கல் தொலைவில் இறங்கும். ஆகவே ஒரே அலைவரிசையில் இரு நிலையங்கள் பகலில் சண்டையின்றி வாழலாம். இரவில் ஒன்று மற்றொன்றின் மேல் ஏறிவிடும். இதனால் சிறு நிலையங்கள் பலவற்றுக்குச் சூரியன் உதிப்பது முதல் மறைவது வரையே அனுமதி. இன்று டபிள்யூ.பி.ஏ.கியூ.வின் பகல் ஆற்றல் 10,000 வாட். இரவிலோ சில வாட் மட்டுமே. டிசம்பர் மாதத்தில் மாலை ஐந்து மணியளவில் பொழுது சாய்ந்துவிடும். ஆலை விட்டு மக்கள் வீடு திரும்பும் நேரத்தில் ஊரின் குரல் அடங்கிவிடும்; தொலைவிலுள்ள பெரு நகரங்களின் குரல்கள் வந்து நிரம்பும்.

இதில் நம் போன்றோர் கருதத்தக்க ஒன்று உண்டு. 1940-க்குப் பின் மூன்று பதிற்றாண்டுகளில் அம்மலைநாட்டிலிருந்து பல லட்சம் மக்கள் டெட்ராய்ட், ஏக்ரன், சிக்காகோ, பால்டிமோர் முதலிய ஆலை நகரங்களுக்குப் பிழைப்புத் தேடிச் சென்றனர். அங்கே அவர்களை 'ஹில்பில்லி', மலைநாட்டுப் பட்டிக்காட்டான், என்று இகழ்ந்தனர். இரவில் நாஷ்வில் நிலையத்தைத் திருகிப் பிடித்து அவர்கள் தம் ஏக்கத்தைத் தணித்துக்கொண்டனர். வடநாட்டு நகரங்களில் வாழ்ந்த நம் குடும்பங்கள் ஒருகாலத்தில் சிற்றலையில் இலங்கை வானொலியின் தமிழ்ப் பாட்டைத் தேடிப் பிடித்ததை மூத்தோர் அறிவர். ஆனால் பெரு நிலையம் தந்தது பொதுவான தாயகம் ஒன்றையே. தன் ஊர், தன் பள்ளத்தாக்கு, தன் சிற்றப்பன் வாசிக்கும் பிடில் ஆகியவை சிறு நிலையத்தில்தான் ஒலித்தன. அதுவோ ஊரை விட்டுச் சென்றவனின் செவிக்கு எட்டவில்லை. போனவர்க்குப் பெரியது, இருப்பவர்க்குச் சிறியது என அன்றைய அறிவியலே பிரித்து வைத்திருந்தது.

ஐம்பதுகளின் நடுவில் பெரும் புயல் வீசியது. எல்விஸ் பிரெஸ்லியும் ராக் அண்டு ரோல் இசையும் வந்தன. தொலைக்காட்சி வீடுதோறும் நுழைந்தது. நேரடி இசைக்குழுவை வைத்திருந்த நிலையங்கள் பல அவர்களை வெளியேற்றிவிட்டு இசைத்தட்டைச் சுழலவிட்டன. நாஷ்வில் வணிகர்கள் 1958-இல் கண்ட்ரி இசைச் சங்கம் ஒன்றை அமைத்து, தங்கள் இசையை ஒலிபரப்பும்படி நிலையத்தாரை நாடெங்கும் வேண்டினர். முயற்சி பலித்தது. முழுநேரமும் கண்ட்ரி இசையே ஒலிபரப்பும் நிலையங்கள் 1961-இல் 81 ஆக இருந்தவை, அப்பதிற்றாண்டு முடிவதற்குள் அறுநூறைத் தாண்டின.

இந்தக் கணக்கைக் கண்டு மகிழ்வோர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். கண்ட்ரி நிலையங்கள் பெருகப் பெருக, அவற்றினுள் நாட்டுப்புறத்து மனிதர் அருகிக்கொண்டே போயினர். எத்தட்டை எத்தனை முறை சுழற்றுவது என்பதைப் பட்டியல் முடிவு செய்தது. பட்டியலை விற்பனை முடிவு செய்தது. பிடிலின் கரகரப்பைக் குறைத்து, வயலின் கூட்டமும் கோரஸும் சேர்த்து, நகரத்துச் செவிக்கு உவப்பாகத் தட்டுகள் ஆக்கப்பட்டன. அவற்றில் அழகானவை இல்லை என்று நாம் கூறவில்லை. மவுண்ட் ஏரியிலேயே பிறந்த டோனா ஃபார்கோ என்னும் பாடகி 1972-இல் நாடெங்கும் புகழ் பெற்றதும் அவ்வழியில்தான். எனினும், ஒரு நிலையத்தின் வாயிற்கதவைத் தட்டி, "நானும் என் அண்ணனும் வாசிப்போம், கேட்கிறீர்களா?" என்று உள்ளே நுழையும் வழி அடைபட்டது.

எப்பர்சன் அந்தக் கதவை அடைக்கவில்லை. பழைய பாணி இசை, புளூகிராஸ், பக்திப் பாடல் ஆகியவற்றையே தம் நிலையத்தின் சரக்காக வைத்துக்கொண்டார். இதனைப் பிடிவாதம் என்று கூறுவோர் இருக்கலாம். கணக்குப் பார்க்கத் தெரிந்தவரின் செயலாகவும் கொள்ளலாம் என்பது நம் கருத்து. நாஷ்வில் தட்டை எந்த நிலையமும் சுழற்ற முடியும். ரவுண்ட் பீக் பிடிலைக் கேட்க வேண்டுமாயின் அந்த ஓர் இடத்துக்குத்தான் வர வேண்டும்.

அவர் செய்த மற்றொரு காரியம் அப்போது எவர் கண்ணிலும் படவில்லை. வந்து வாசித்தோரின் இசையைத் தட்டிலும், பின்னர் ஒலிநாடாவிலும் பதிந்து, எறியாமல் வைத்தார். அன்றைய வழக்கம் இதற்கு நேர் மாறானது. இடமில்லை என்று தட்டுகளை உடைத்தெறிந்த நிலையங்களும், ஒலிநாடாவின் விலைக்கு அஞ்சிப் பழையதன் மேலேயே புதியதைப் பதிந்த நிலையங்களும் எத்தனையோ. எப்பர்சன் காத்த பதிவுகளிலிருந்து தேர்ந்தெடுத்து 1999-இல் ரவுண்டர் என்னும் இசைத்தட்டு நிறுவனம் ஒரு தொகுப்பை வெளியிட்டது. ஆலைத் தொழிலாளியும் குடியானவனும் ஒரு சனிக்கிழமை பகலில் வாசித்துவிட்டுப் போன இசை, ஐம்பதாண்டுக்குப் பின் கடைகளில் விலைக்கு வந்தது.

அந்த இசைக்கு அறிஞர் உலகில் மதிப்பு வந்த விதமும் சுவையானது. மவுண்ட் ஏரியை ஒட்டிய டோஸ்ட் என்னும் சிற்றூரில் டாமி ஜாரல் என்றொருவர் வாழ்ந்தார். மாநில நெடுஞ்சாலைத் துறையில் சாலை சமன் செய்யும் இயந்திரம் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பின் தம் தந்தையிடம் கற்ற பிடிலை மீண்டும் முழு நேரமாகக் கையில் எடுத்தார். அறுபதுகளின் இறுதியிலிருந்து, வடக்கத்திப் பெருநகரங்களிலும் கல்லூரிகளிலும் படித்த இளைஞர்கள் ஒருவர் பின் ஒருவராக அவர் வீட்டு வாயிலுக்கு வந்தனர். வந்தோரை உட்கார வைத்து, உணவிட்டு, காசு வாங்காமல் கற்றுக்கொடுத்தார். 1982-இல் அமெரிக்க அரசு மரபுக் கலைஞர்களுக்கான தேசிய விருதை முதன்முதலாக வழங்கியபோது, பெற்றோர் வரிசையில் அவரும் இருந்தார். 1985-இல் மறைந்தார். பட்டிக்காட்டு இசை என்று நகரம் இகழ்ந்ததை நகரத்துப் பிள்ளைகளே வந்து கற்றுச் சென்றனர்.

பின் வந்த சோதனை வேறு வகை. 1996-இல் அமெரிக்கப் பாராளுமன்றம் இயற்றிய தொலைத்தொடர்புச் சட்டம், ஒரு முதலாளி நாடு முழுவதிலும் இத்தனை வானொலி நிலையங்கள்தாம் வைத்திருக்கலாம் என்ற வரம்பை நீக்கிவிட்டது. சில ஆண்டுகளுக்குள் கிளியர் சானல் என்னும் ஒரே கம்பெனி ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட நிலையங்களைக் கைக்கொண்டது. சிறு நிலையங்களை வாங்குவதும், அங்கிருந்த அறிவிப்பாளரை அனுப்பிவிட்டுத் தொலைவிலுள்ள நகரத்திலிருந்து இயந்திரத்தின் வாயிலாகக் குரலை அனுப்புவதும் வழக்கமாயிற்று. செலவு குறைந்தது, மெய்தான்.

அதன் மறுபக்கத்தை 2002 ஜனவரி 18-ஆம் நாள் பின்னிரவில் வட டகோட்டா மாநிலத்து மைனாட் நகரம் கண்டது. ரயில் ஒன்று தடம் புரண்டு, அதன் தொட்டிகளிலிருந்து அம்மோனியா வாயு நகரத்தின் மேல் பரவியது. ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கானோர் துன்புற்றனர். மக்கள் இருளில் வானொலியைத் திருப்பினர். நகரத்து வணிக நிலையங்கள் ஆறும் ஒரே கம்பெனிக்கு உரியவை. அவசர அறிவிப்புக்கென ஏற்பட்ட நிலையத்துடன் அவ்வேளையில் காவல் துறையினரால் தொடர்புகொள்ள இயலவில்லை. எச்சரிக்கை உரிய நேரத்தில் ஒலிக்கவில்லை. பிழை காவல் துறையின் கருவியில் என்று கம்பெனியும், நிலையத்தில் பதில் சொல்ல ஆளில்லை என்று நகரத்தாரும் வாதிட்டனர். எப்பக்கம் பிழையாயினும், நிலையத்தின் முதலாளியை வீட்டுக் கதவைத் தட்டி எழுப்பும் வசதி அந்நகரத்துக்கு இல்லை. மவுண்ட் ஏரியில் அது இருந்தது. முதலாளி அதே ஊரில் குடியிருந்தார்.

மவுண்ட் ஏரிக்கும் துன்பம் வராமல் இல்லை. தொண்ணூறுகளிலிருந்து அவ்வட்டாரத்தின் துணியாலைகளும் காலுறை ஆலைகளும் பல மூடப்பட்டன. வேலை போனால் கடை வியாபாரம் தளரும். கடை தளர்ந்தால் விளம்பரம் குறையும். பெரு வணிகக் கிடங்குகள் ஊருக்கு வெளியே எழுந்தபின், விதைக் கடைக்காரரும் மளிகைக் கடைக்காரரும் முன்போல் புரவலராக நிற்க இயலாது. ஊர் தன்னைக் காண வரும் பயணிகளை நம்பத் தொடங்கியது. ஆண்டி கிரிஃபித்தின் பழைய தொலைக்காட்சித் தொடரை விரும்பி வருவோர் ஒருபுறம். இசையைத் தேடி வருவோர் மறுபுறம்.

எப்பர்சன் 2006-இல் மறைந்தார். ஐம்பத்தெட்டு ஆண்டுகள் ஒரே நிலையத்தைக் காத்தவர். அவருக்குப் பின் அவர் மகன் பொறுப்பை ஏற்றார். நிலையம் தன் இசையை மாற்றிக்கொள்ளவில்லை. சனிக்கிழமை நிகழ்ச்சி இப்போது ஊரின் நடுவே ஏர்ல் தியேட்டர் என்னும் பழைய சினிமாக் கொட்டகையில் நடைபெறுகிறது. 1938-இல் கட்டப்பட்ட கொட்டகை அது. மேடையில் இசைக்குழு, மேடையின் முன் தரையில் முதியவர்கள் காலணி தட்டி ஆடுகின்றனர். பத்து வயதுப் பிள்ளை பிடிலுடன் ஏறினாலும் ஒலிவாங்கியை அவன் உயரத்துக்குத் தாழ்த்தி வைக்கிறார்கள்.

கேட்க விரும்பும் அன்பர்களுக்கு ஒரு குறிப்பு. நிலையம் இப்போது இணையத்திலும் ஒலிக்கிறது. ஆகவே சூரியன் மறைவதும் டொராண்டோவின் முதலுரிமையும் இனிப் பொருட்டல்ல. டெட்ராய்டில் வாழும் மலைநாட்டுப் பேரனும், தில்லியிலோ பம்பாயிலோ வாழும் நாமும் ஒரே நொடியில் கேட்கலாம். அங்கே சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நிகழ்ச்சி தொடங்கும். நம் கடிகாரத்தில் கோடையில் இரவு எட்டரை மணி, குளிர்காலத்தில் ஒன்பதரை. தொடக்கத்தில் ஊர்க் கடை விளம்பரங்கள் சில வரும். அவற்றையும் விடாமல் கேளுங்கள்.